வீட்டுப் பொடியை ஆன்லைனில் விற்பதற்கு முன்: ஒரு பார்சலின் கணக்கு

வீட்டில் அரைக்கும் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவற்றை உறவினர்களும் தெருவில் உள்ளவர்களும் காசு கொடுத்து வாங்கிச் செல்வதாகவும், கையில் ஐம்பதாயிரம் ரூபாய் சேமிப்பு இருப்பதாகவும், இதை ஆன்லைன் வியாபாரமாக்க இணையதளம் தேவையா, அமேசான் போன்ற தளங்களில் சேரலாமா, இன்ஸ்டாகிராம் மட்டும் போதுமா, என்னென்ன பதிவுகள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், முதல் ஆறு மாதங்களுக்கு இணையதளம் வேண்டாம்; வாட்ஸ்அப் பிசினஸும் இன்ஸ்டாகிராமும் போதும்; உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பொட்டலம்கூட விற்கக் கூடாது; தமிழ்நாட்டுக்குள் மட்டும் நேரடியாக விற்கும்வரை ஜிஎஸ்டி அவசரமில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டிய ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஒரு பார்சல் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உங்களிடம் எவ்வளவு மிஞ்சும் என்பதே அது. வீட்டுப் பொடி வியாபாரங்கள் பல ருசியில் தோற்பதில்லை, இந்தக் கணக்கில்தான் தோற்கின்றன. ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்கான உதாரணங்கள். உங்கள் ஊர் மளிகை விலையையும் கூரியர் விலையையும் இட்டு நீங்களே மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். 200 கிராம் இட்லிப் பொடிக்கு உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், உப்பு, எரிவாயு எல்லாம் சேர்ந்து 45 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைக் கணக்கிடும்போது வாங்கிய எடையை வைத்துக் கணக்கிடாதீர்கள். வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும், அரவையில் கொஞ்சம் இயந்திரத்திலேயே தங்கும், சலித்தால் கப்பி நிற்கும். ஆகவே, சலித்து முடித்த பொடியை எடை போட்டு, மொத்தச் செலவை அந்த எடையால் வகுப்பதே சரி. பைக்கும் லேபிளுக்கும் 8 ரூபாய். உங்கள் உழைப்புக்கு 12 ரூபாய். இந்தப் பன்னிரண்டு ரூபாயை எழுத மறுப்பவர்கள்தான் அதிகம். வீட்டு வேலைதானே என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆர்டர் கூடி ஓர் உதவியாளரை வைக்க வேண்டி வரும்போது, அந்தக் கூலிக்கு விலையில் இடமே இருக்காது. ஆக அடக்கம் 65 ரூபாய்; விலை 120 என்று வைக்கிறீர்கள். பாதிக்குப் பாதி லாபம் போலத் தோன்றும்.

இப்போது பார்சலைக் கட்டுங்கள். அட்டைப்பெட்டியும் டேப்பும் 12 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் அரை கிலோ வரை கூரியர் 50 ரூபாய். இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் வாங்கினால் பொதுவாக 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறக்குறைய 3 ரூபாய். டெலிவரி இலவசம் என்று அறிவித்திருந்தால், 120 ரூபாய்க்கு விற்ற பொட்டலத்துக்கு உங்களுக்கு ஆன செலவு 130. ஒவ்வொரு ஆர்டருக்கும் பத்து ரூபாயை நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்து அனுப்புகிறீர்கள். ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும். இந்த நிலையில் விளம்பரம் செய்வது நஷ்டத்தை வேகப்படுத்துவதற்குச் சமம்.

அதே பொடியை நான்கு பொட்டலங்கள் கொண்ட ஒரு தொகுப்பாக, 480 ரூபாய்க்கு, டெலிவரி இலவசமாக விற்றுப் பாருங்கள். அடக்கம் 260, பெட்டி 15, ஒரு கிலோ வரையிலான கூரியர் 80, பணப் பரிமாற்றக் கட்டணம் 11. மொத்தம் 366 போக 114 ரூபாய் மிஞ்சுகிறது. கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் அரை கிலோ அடுக்குகளில் கட்டணம் வைப்பதால், அடுத்த அரை கிலோவுக்கான கூடுதல் தொகை முதல் அரை கிலோவைவிடக் குறைவாகவே வரும். அந்த இடைவெளியில்தான் உங்கள் லாபம் இருக்கிறது. எனவே தனிப் பொட்டலத்தை ஆன்லைனில் விற்கவே வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருவர் ருசி பார்க்க ஒரே பொட்டலம்தான் வேண்டும் என்று கேட்டால், டெலிவரிக் கட்டணத்தைத் தனியாக வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் மூன்று வகையிலும் ஐம்பது ஐம்பது கிராம் வைத்து ஒரு சிறு ருசித் தொகுப்பை உண்டாக்குங்கள்.

பெட்டியின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது முதல் பில் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. கூரியர் நிறுவனம் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பரவலான வழக்கப்படி 5000 ஆல் வகுத்து வரும் கொள்ளளவு எடையையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறது. முப்பது, இருபது, பதினைந்து சென்டிமீட்டர் கொண்ட பெட்டியில் 800 கிராம் பொடியை வைத்தால், பெருக்கிய தொகை 9000. கொள்ளளவு எடை 1.8 கிலோ, நீங்கள் கட்டுவது இரண்டு கிலோவுக்கான கட்டணம். அதையே இருபத்தைந்து, பதினெட்டு, பத்து சென்டிமீட்டர் பெட்டியில் அடக்கினால் 0.9 கிலோ, ஒரு கிலோ அடுக்குக்குள் நிற்கும். பைகள் படுத்த நிலையில் எப்படி அடங்குகின்றன என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற பெட்டியை வாங்குங்கள், பெட்டியை முதலில் வாங்காதீர்கள்.

அடுத்தது கேஷ் ஆன் டெலிவரி. இந்த வசதி இல்லாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று உங்களிடம் சொல்லப்படும். துணிக்கும் செருப்புக்கும் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். உணவுப் பொருளுக்கு அதைத் தொடாதீர்கள். பத்துப் பார்சல் அனுப்பி, இரண்டு பேர் கதவைத் திறக்கவில்லை அல்லது மனம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுக்கொண்ட எட்டுப் பேரிடம், வசூல் கட்டணம் 40 ரூபாய் போக, தலைக்கு 85 ரூபாய் வீதம் 680 மிஞ்சும். திரும்பி வந்த இரண்டுக்கும் போன கூரியர் 80, வந்த கூரியர் 80, பெட்டி 15. இவற்றோடு, எத்தனை நாள் எந்தக் கிடங்கின் வெயிலில் கிடந்தது என்று தெரியாததால் மறுபடி விற்க முடியாத 260 ரூபாய்ப் பொருள். ஆக ஒன்றுக்கு 435, இரண்டுக்கு 870. எட்டுப் பேர் கொடுத்த லாபத்தை இரண்டு பேர் விழுங்கி, அதற்கு மேலும் 190 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. முன்பணத்துக்குத் தயங்குபவரிடம் பேசுங்கள், சமையலறையைக் காட்டும் காணொளியை அனுப்புங்கள், உங்கள் பதிவு எண்ணைக் கொடுங்கள். யுபிஐ இருக்கும் நாட்டில் 480 ரூபாயை முன்கூட்டியே அனுப்புவது யாருக்கும் புதிதில்லை. 2020 ஜனவரி முதல் யுபிஐ வழியாக வாங்கும் பணத்துக்கு வணிகரிடம் வங்கிகள் கட்டணம் வசூலிப்பதில்லை என்பதால், க்யூஆர் மூலம் நேரடியாக உங்கள் கணக்குக்கு வாங்கினால் மேலே சொன்ன 11 ரூபாயும் உங்களுக்கே.

இனி எங்கே விற்பது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலே பார்த்த தொகுப்பில் மிஞ்சும் தொகை 114 ரூபாய். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்து ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க 150 ரூபாய் ஆகிறது என்றால், முதல் ஆர்டரில் 36 ரூபாய் நஷ்டம். ஆனால் அவரே நாற்பது நாள் கழித்து, பொடி தீர்ந்ததும், மறுபடி ஆர்டர் செய்தால் விளம்பரச் செலவில்லாமல் 114 ரூபாய் முழுதாகக் கிடைக்கிறது. எனவே இந்தத் தொழிலில் லாபம் தொடங்குவது இரண்டாவது ஆர்டரில். எத்தனை பேர் புதிதாக வாங்கினார்கள் என்பதைவிட, வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதே நீங்கள் மாதாமாதம் பார்க்க வேண்டிய எண். எந்தத் தளத்தில் விற்பது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்: வாங்கியவருடைய எண் உங்களிடம் இருக்கிறதா, அவர் மறுபடி உங்களைத் தேடினால் நேரே உங்களிடம் வந்து சேர்வாரா?

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இந்த வேலைக்கு வசதியானது. உங்கள் சொந்த எண்ணில் தொடங்காமல் தனி சிம் வாங்கித் தொடங்குங்கள். பின்னால் வேறொருவர் ஆர்டர் எடுக்க வேண்டி வரும்போது குடும்பப் பேச்சும் வியாபாரப் பேச்சும் கலக்காமல் இருக்கும். அதில் உள்ள பொருள் பட்டியலான கேட்டலாக்கில் ஒவ்வொரு தொகுப்பையும் படம், எடை, விலையுடன் போடுங்கள். லேபிள் வசதியைப் பயன்படுத்தி, பணம் வந்தவர், அனுப்ப வேண்டியவர், அனுப்பியாயிற்று என்று பிரித்து வையுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் அதிகபட்சம் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் பார்சலோடு ஒரு சிறு சீட்டு வையுங்கள். எந்தப் பொடிக்கு எவ்வளவு நல்லெண்ணெய், சாதத்துக்கு எவ்வளவு என்பதைச் சொல்லிவிட்டு, இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்றும் அச்சிடுங்கள். வாங்கிய தேதியைத் தாளில் குறித்துவைத்து, முப்பத்தைந்து நாற்பது நாளில் ‘பொடி எப்படி இருந்தது, தீர்ந்துவிட்டதா’ என்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். தினமும் காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் அனுப்புகிறவர்களை மக்கள் பிளாக் செய்துவிடுகிறார்கள். அப்போது போவது ஒரு வாழ்த்துச் செய்தி மட்டுமில்லை, இரண்டாவது ஆர்டரும்தான்.

இன்ஸ்டாகிராமின் வேலை புதியவர்களைக் கொண்டுவருவது. அழகான பின்னணியும் இசையும் முக்கியமென்று நினைக்காதீர்கள். மிளகாய் காம்பு கிள்ளுவது, உளுந்து எந்த நிறம் வரும்வரை வறுபடுகிறது, அரைத்த பொடி ஏன் ஆறிய பிறகே பைக்குள் போகிறது என்பதைப் பார்க்கிறவர், இவர் வீட்டுச் சமையலறையிலிருந்து நம்பி வாங்கலாம் என்று முடிவு செய்கிறார். கட்டண விளம்பரத்தை, முதல் நாற்பது ஐம்பது பேர் உங்களுக்குத் தெரிந்தவர்கள் வழியாக வந்து, அவர்களில் கணிசமானவர்கள் திரும்பி வாங்கிய பிறகு தொடங்குங்கள். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற சந்தைத் தளங்களை நான் அடியோடு மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆண்டில் 120 ரூபாய்ப் பொருளுக்கு அவை பொருந்துவதில்லை. தளத்துக்குத் தளம் கமிஷன் விதிகள் மாறினாலும், அனுப்பும் கட்டணமும் நிலைக் கட்டணமும் ஏதோ ஒரு பெயரில் வரத்தான் செய்யும். அதைவிடப் பெரிய குறை, வாங்குபவரின் தொலைபேசி எண் உங்களுக்குக் கிடைப்பதில்லை. அவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். அடுத்த முறை ‘இட்லிப் பொடி’ என்று தேடும்போது முன்னால் வருவது விளம்பரத்துக்குப் பணம் கட்டிய பெரிய நிறுவனத்தின் பொட்டலமாக இருக்கும். இரண்டாவது ஆர்டரில்தான் லாபம் என்று ஒப்புக்கொண்டால், அந்த இரண்டாவது ஆர்டரை யாரிடமோ விட்டுக்கொடுக்கும் இடத்தில் தொடங்குவது சரியாக இருக்காது.

பதிவுகளில் முதலாவது, எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி, வீட்டில் செய்து விற்பவரும் உணவு வணிகரே. ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சிறு உற்பத்தியாளர்களுக்கான பதிவின் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்ற அளவில்தான் இருந்துவருகிறது. எந்த விற்றுமுதல் வரை பதிவு போதும், எதற்கு மேல் உரிமம் வேண்டும் என்ற வரம்பு திருத்தத்துக்கு உட்பட்டது என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பதினான்கு இலக்க எண்ணை ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிட வேண்டும். இரண்டாவது, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இதற்கு ஆதாரும் பானும் போதும், கட்டணம் எதுவும் கிடையாது. இந்த இரண்டு பெயர்களையும் இணையத்தில் தேடினால், அரசு முத்திரையைப் போன்ற படத்தைப் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். முகவரி .gov.in என்று அரசுத் தளங்களுக்குரிய முறையில் முடிகிறதா என்று பார்க்காமல் எதையும் நிரப்பாதீர்கள்.

லேபிள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். உணவு லேபிள் விதிகளும், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகளும் சேர்ந்து கேட்பவை பல: பொருளின் பெயர், அளவின் இறங்கு வரிசையில் சேர்பொருட்கள், சைவக் குறியான பச்சைப் புள்ளி, ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, எந்தச் சுற்றில் அரைத்தது என்பதைக் காட்டும் தொகுதி எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச விலை, உங்கள் பெயரும் முகவரியும், புகாருக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும். 2022 முதல் ஓர் அலகின் விலையையும் போட வேண்டும். 200 கிராம் 120 ரூபாய் என்றால் ஒரு கிராம் 0.60 ரூபாய். பொடி செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று ஒவ்வாமை அறிவிப்பு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். ஆகவே பருப்பும் மிளகாயும் மட்டுமே உள்ளதாக நீங்கள் நினைக்கும் பொடியில் கோதுமைப் புரதமான குளூட்டன் இருக்கக்கூடும். இருந்தால் அதை அறிவித்தாக வேண்டும். நிலக்கடலை சேர்த்தால் அதையும் குறிப்பிட வேண்டும். மற்றொன்று, கறிவேப்பிலைப் பொடி முடி வளர்க்கும், கொள்ளுப் பொடி கொழுப்பைக் கரைக்கும், முருங்கைக்கீரைப் பொடி சர்க்கரையைக் குறைக்கும் என்றெல்லாம் லேபிளிலோ ரீல்ஸிலோ எழுதாதீர்கள். நோயைத் தீர்க்கும் என்று உணவை விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம். பாட்டி வைத்தியம் என்ற முன்னொட்டு அதிலிருந்து காப்பாற்றாது.

ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. பொருட்களை மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் அந்த விலக்கு மாநிலத்துக்குள் விற்பவருக்குத்தான். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் அனுப்பினாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. முதல் ரூபாயிலிருந்தே பதிவு தேவை. கைவினைப் பொருட்களுக்கு இதில் சலுகை உண்டு, உணவுப் பொடிக்கு இல்லை. சந்தைத் தளங்களில் விற்கவும் முன்பு பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்கள் ஜிஎஸ்டி பதிவில்லாமல், ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் பெற்று அவற்றில் விற்கலாம். எனவே தொடக்கத்தில் ‘தமிழ்நாட்டுக்குள் மட்டும்’ என்று பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். கூரியர் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்களின் மகனும் மகளும் கேட்பார்கள். ஏற்றுமதி என்பது தனி எண், தனி ஆவணம், அந்த நாட்டின் உணவு விதி என்று நீளும் விஷயம், முதல் ஆண்டில் அதற்குள் போக வேண்டாம்.

பொருள் தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இட்லிப் பொடியில் பெரிய நிறுவனங்களோடு விலையில் போட்டியிட முடியாது. அவர்கள் டன் கணக்கில் உளுந்து வாங்குகிறார்கள். ஆகவே அது உங்கள் தொகுப்பில் துணைப் பொருளாக இருக்கட்டும். முதன்மைப் பொருளாக, கடையில் எளிதாகக் கிடைக்காத ஒன்றை வையுங்கள். பிரண்டைப் பொடி, சுண்டைக்காய் வற்றல் போட்ட அங்காயப் பொடி, உங்கள் வட்டாரத்தில் மட்டும் செய்யும் ஏதேனும் ஒரு பொடி இதற்குப் பொருந்தும். விடுதிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு, வேலைக்குப் போய்த் தனியாகச் சமைப்பவர்களுக்கு என்று யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொண்டால், தொகுப்பில் என்ன இருக்க வேண்டும், எப்போது அதிகம் விற்கும் என்பவையும் தானே தெளிவாகும். கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் விடுதித் தொகுப்பை முன்னிறுத்தலாம். மூன்று வகைக்கு மேல் முதலில் வேண்டாம். வகை கூடினால் ஒவ்வொன்றிலும் மிச்சம் தேங்கி, தேதி முடியும் சரக்கு கூடும். பின்னாளில் தின்பண்டம் சேர்க்கும் எண்ணம் வந்தால், கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு போன்ற பெயர்களுக்கு, அந்தந்த ஊருக்கே உரியவை என்ற சட்டப் பாதுகாப்பான புவிசார் குறியீடு இருக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக இல்லாமல் அந்தப் பெயரை உங்கள் பொட்டலத்தில் அச்சிடக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு நாள் கெடாது என்பதை ஊகத்தில் எழுதாதீர்கள். பொடியின் எதிரிகள் ஈரமும் எண்ணெய்ச் சிக்கும். எள்ளும் கொப்பரையும் சேர்ந்தவை, வண்டு பிடிக்கும் முன்பே சிக்கு வாடை அடிக்கும்; பூண்டும் கறிவேப்பிலையும் நன்றாக வற்றாவிட்டால் கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும். சூட்டோடு பையில் அடைத்தால் உள்ளே ஆவி வேர்த்து மொத்தத் தொகுதியும் கெடும். ஒரே தொகுதியில் பத்துப் பைகளை எடுத்து வைத்து, பத்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்தும் ருசித்தும் பாருங்கள்; மாறுதல் தெரியும் நாளுக்கு நன்றாக முன்னதாகவே உங்கள் தேதியை வையுங்கள். தேசிய அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொண்டால், ஊட்டச்சத்து விவரமும் அங்கேயே கிடைத்துவிடும். உட்புறம் அலுமினியப் பூச்சுள்ள பையே நல்லது. உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பை பார்க்க அழகாக இருந்தாலும் வெளிச்சம் நிறத்தையும் மணத்தையும் கொண்டுபோய்விடும்.

ஐம்பதாயிரத்தை ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம். பை, லேபிள் வடிவமைப்பு, அச்சு ஆகியவற்றுக்கு 8,000. சீல் போடும் இயந்திரத்துக்கும் முத்திரையிடப்பட்ட மின்னணுத் தராசுக்கும் 5,000. முதல் சுற்று மளிகைக்கு 10,000. ஆய்வகத்துக்கும் பதிவுகளுக்கும் 5,000. பெட்டிகளுக்கும் கூரியர் முன்பணத்துக்கும் 5,000. தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, முகத்துக்கு நேரே பாராட்டாமல் குறை சொல்லச் சொல்லும் மாதிரிப் பொட்டலங்களுக்கு 4,000. மீதி 13,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். மிளகாய் விலை ஏறும் மாதத்திலும், ஒரு தொகுதி முழுதும் வீணாகும் வாரத்திலும் அதுதான் கைகொடுக்கும். அரவை இயந்திரம் இப்போது வாங்க வேண்டாம். ஊர் மில்லில் உங்களுக்கு முன்னால் யார் எதை அரைத்தார்கள் என்று பார்த்து, மல்லித்தூளோ மஞ்சளோ அரைத்த சூட்டோடு உங்களுடையதைப் போடாமல், முதல் கைப்பிடியைத் தனியே எடுத்துவிட்டுத் தொடங்கினால் போதும். மானியம் கிடைக்கிறது என்பதற்காக இயந்திரம் வாங்குவது என் பார்வையில் தலைகீழான முடிவு. உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் கடனோடு இணைந்த 35 சதவீத மானியம், 10 லட்சம் ரூபாய் வரம்புடன் அறிவிக்கப்பட்டது. அது அப்போது நடப்பில் இருக்கிறதா, உங்களுக்குப் பொருந்தும் வேறு திட்டம் உண்டா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டிய காலம், மில்லுக்கு அலைவதால் ஆர்டர் தவறிப்போகும் காலம்.

வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, வீட்டுச் செலவை அதிலிருந்து நேராக எடுக்காமல், மாதம் ஒருமுறை கூலி என்று ஒரு தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பார்சலுக்கும் தேதி, பெயர், தொகுப்பு, வந்த பணம், கூரியர் செலவு, முதல் முறையா மறுமுறையா என்ற ஆறு விவரங்கள் ஒரு தாளில் இருந்தால் வருமான வரிக்கும் அதுவே ஆதாரமாகும்.

தொழில் தொடங்கிய முதல் வாரமே மோசடிகள் வரும். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சலைக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிச் செயலியில் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், ஐம்பது கிலோ வேண்டும், முன்பணம் அனுப்ப இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கை மாறிக்கொண்டிருக்கும்.

வளர்ச்சி என்பதை ஆர்டர் எண்ணிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் நெரிசல் வருகிறது என்று பாருங்கள். அரைப்பதிலும் அடைப்பதிலும் நெரிசல் என்றால் அரை நாள் உதவிக்கு ஒருவரை வையுங்கள். விலையில் நீங்கள் ஏற்கெனவே சேர்த்திருக்கும் அந்தப் பன்னிரண்டு ரூபாய் அவருக்குப் போகும். ‘விலை என்ன, எங்கே அனுப்புவீர்கள், எத்தனை நாளாகும்’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் எழுதுவதில் நாளின் பெரும்பகுதி போகிறது என்றால், அப்போதுதான் இணையதளம். அதுவரை கேட்டலாக்கே கடை. வாடிக்கையாளர்கள் தாங்களாகவே வேறு பொடி கேட்கிறார்கள் என்றால், அதிகம் பேர் கேட்பதை மட்டும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிற மாநிலங்களிலிருந்து வரும் விசாரணைகளை, இப்போது அனுப்புவதில்லை என்று பதில் சொல்லும்போதே, பெயரும் ஊருமாக ஒரு தனிப் பட்டியலில் எழுதிவையுங்கள். ஜிஎஸ்டி பதிவு எடுத்தால் விற்பனை இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும், உள்ளூர் வாடிக்கையாளருக்கு விற்கும் பொருளுக்கும் வரி கட்ட வேண்டும். அதிகபட்ச விலை வரியை உள்ளடக்கியது என்பதால், விலையை ஏற்றாவிட்டால் அந்த வரி உங்கள் 114 ரூபாயிலிருந்தே போகும். ஒரு மாதத்தில் அந்தப் பட்டியலிலிருந்து வரக்கூடிய ஆர்டர்களின் லாபத்தை, அதிகமாகும் தூரத்துக்கான கூரியர் கட்டணத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். அது இந்தச் செலவுகளை ஈடுகட்டும் நிலை தொடர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் நின்றால் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். எண் கிடைத்ததும் புது விளம்பரம் போடுவதற்கு முன்னால் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் செய்தி அனுப்புங்கள். அவர்களைப் பிடிக்க உங்களுக்கு ஒரு ரூபாய்கூட விளம்பரச் செலவு ஆகாது.